கல்பாசி காட்டிக்கொடுத்த மதில்

அத்தியாயம் 6

“மேடம், இது பதினோராவது மதில்,” என்றான் இசக்கி. “பொண்ணு பாக்கப் போனப்பகூட நான் இவ்வளவு உத்துப் பாக்கல. அதான் இப்படி மாட்டிக்கிட்டு முழிக்கேன்.”

சூடாமணி நிமிரவில்லை. மூக்கு கல்லில் உரசும் அளவுக்குக் குனிந்து மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் ஒரு தாள் இருந்தது. தாளில் ஒரு பெண்ணின் படம்.

வித்துராவைத் தாண்டி எஸ்டேட்டுகளுக்குப் போகும் மலைப்பாதை அது. காலை பத்தரை மணி ஆகியும் விடிந்த மாதிரி இல்லை. தூறல் விடவும் இல்லை, மழையாகவும் ஆகவில்லை. இரண்டு பக்கமும் மரங்கள் நெருங்கி நின்றன. அரை மணி நேரமாக ஒரு மனிதர்கூட எதிரே வரவில்லை.

“இதுவும் இல்லை,” என்றாள் சூடாமணி. “நட.”

அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. ரிஜிஸ்தர் ஆபீசில் இருபது வருஷம் கள்ளக் கையெழுத்துகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், வேலையை விட்டுவிட்டுத் தம்பானூரில் ஒரு லாட்ஜின் இரண்டாம் மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தவள். இசக்கி அவளுடைய உதவியாளன், டிரைவர், சமயத்தில் சமையல்காரன். முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டியவன். நாகர்கோவில் பக்கத்துக்காரன். நாற்பது வயதாகியும் வாய்க்கு மட்டும் பிரேக் பிடிக்காது.

நாலு நாள் முன்பு ஜெயகுமார் என்பவர் அவர்களைத் தேடி வந்தார். பழவங்காடியில் பாத்திரக்கடை. வெள்ளைச் சட்டை, விபூதிக் கீற்று, பூனை நடப்பது போன்ற மெல்லிய குரல். அவருடைய மனைவி ஸ்ரீலட்சுமியைக் காணவில்லை. காணாமல் போய் எட்டு நாள் ஆகிவிட்டது என்றார். யாரோ கடத்திவிட்டார்களாம். போலீசுக்குப் போனால் அவள் உயிரோடு இருக்கமாட்டாள் என்று மிரட்டி, இந்தப் படத்தை அனுப்பினார்களாம். அவளுடைய போன் கடைசியாக வித்துரா டவரில் சத்தம் காட்டிவிட்டு ஓய்ந்துவிட்டது.

“அவ எங்க இருக்கான்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க மேடம்,” என்று கைகூப்பினார். “மத்ததை நான் பாத்துக்கிடுதேன்.”

படத்தைப் போனில் அனுப்பினால் ஊரெல்லாம் பரவிவிடும் என்று சொல்லி, சாதாரண வெள்ளைத்தாளில் கலர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருந்தார். கூடவே அடையாளக் குறிப்பு: வயது முப்பத்து நாலு, மாநிறம், இடது மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி.

படத்தில் ஸ்ரீலட்சுமிக்குப் பின்னால் இருந்தது ஒரு பழைய கருங்கல் மதில். ஓரத்தில் கொஞ்சம் மரம். வேறு ஒன்றுமே இல்லை. வேறு யாராக இருந்தாலும் கையை விரித்திருப்பார்கள். சூடாமணி மட்டும் மதிலில் படிந்திருந்த திட்டுகளைப் பார்த்தாள்.

“இந்த அழுக்குக்காகவா மேடம் மலை ஏறுதோம்?” என்றான் இசக்கி, பாதையில் வழுக்கி எழுந்தபடி.

“அழுக்கு இல்லைடா. லைக்கன். கல்பாசி கேள்விப்பட்டிருக்கியோ?”

“குருமாவுல போடுற கல்பாசியா?”

“அதோட சொந்தக்காராளாக்கும் இதெல்லாம். தம்பானூர் ஸ்டாண்டுகிட்ட நிக்கற மரத்தைப் பாத்திருக்கியா? பட்டையில கரிதான் இருக்கும். பஸ் புகை இதுக்கு ஆகாது. இப்ப படத்துல அந்த மரத்தைப் பாரு. தாடி மாதிரித் தொங்கறதா? இது நல்ல காத்தும் ஈரமும் இருக்கற மலையிலதான் வரும். அதனால வித்துரா ஜங்ஷன் பக்கம்கூடத் தேட வேண்டாம், மேல போனாப் போறும்.”

“சரி, மதிலு?”

“மதில்தான் முக்கியம். இந்த வட்டம் இருக்கே, சாப்பாட்டுத் தட்டு அளவு, நடுவுல உதிர்ந்துபோய் வளையம் மாதிரி. இவ்வளவு பெருசாக முப்பது நாப்பது வருஷம் ஆகும். பன்னெண்டு நாள்ல ஒரு பொட்டுகூட மாறாது. பக்கத்துல மஞ்சளா மூணு புள்ளி. அதுக்குக் கீழ சரிஞ்சு இறங்கற விரிசல். ரெண்டு மதில்ல இப்படி ஒண்ணுபோல வராது.”

இசக்கியின் போன் அடித்தது. காலையிலிருந்து இது நாலாவது தடவை.

“ஜெயகுமார் அண்ணன்,” என்று சொல்லி ஸ்பீக்கரில் போட்டான்.

“எடம் கிடைச்சுதா மேடம்?” அதே மெல்லிய குரல்.

“தேடிண்டிருக்கோம். இன்னும் கிடைக்கலை.”

“கிடைச்சா மொதல்ல எனக்குச் சொல்லணும். நீங்க உள்ள போகாதீங்க, என்ன? அவளுக்கு முன்னால நான்தான் போய் நிக்கணும்.”

போன் ஓய்ந்தது. இசக்கி தலையை ஆட்டினான். “என்னா பாசம், பாத்தியளா? நான் காணாமப் போனா என் வீட்டுக்காரி மொதல்ல நிம்மதியா ஒரு தூக்கம் தூங்குவா.”

“நாலு தடவையும் உன்கிட்ட என்ன கேட்டார்?”

“எடம் கிடைச்சுதான்னு கேட்டாரு.”

“அவ சாப்பிட்டாளோ, அடிபட்டிருப்பாளோன்னு ஒரு தடவை?”

“கேக்கலியே,” என்றான் இசக்கி.

“கடத்தினவனும் பன்னெண்டு நாளா ஒண்ணும் கேக்கலை,” என்றாள் சூடாமணி. “எனக்கு மனசுக்குச் சரியாப் படலை, இசக்கி.”

வளைவைத் தாண்டியதும் ஒரு தகரக் கூரை டீக்கடை. அதன் முன்னால்தான் தங்கள் வேனைக் காலையில் நிறுத்தியிருந்தார்கள். போகும்போது பூட்டியிருந்த கடை இப்போது திறந்திருந்தது. உள்ளே பொன்னம்மை என்ற நடுவயதுக்காரி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். இசக்கி டீ சொல்லிவிட்டு, காலில் ஏறியிருந்த அட்டைக்கு உப்புக் கேட்டான். சூடாமணி தாளை நீட்டினாள்.

“சேச்சி, இந்த மதில் இங்க எங்கேயாவது இருக்கா?”

பொன்னம்மை தாளைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த டீப் பாத்திரம் ஒரு கணம் அப்படியே நின்றது.

“இவிட அங்ஙனெ மதிலொண்ணும் இல்ல, சாரே. நிங்ஙள் தாழப் போய் நோக்கணும். வித்துரா பக்கம்,” என்று மலையாளத்தில் சொல்லிக் கீழே கைகாட்டினாள்.

“மேல என்ன இருக்கு?”

“மேல ஒண்ணும் இல்ல. ஆனை இறங்கும். போகண்டா.”

வெளியே வந்ததும் சூடாமணி நேராக மேலே போகும் ஒற்றையடிப் பாதையில் ஏறினாள்.

“ஆனை இருக்காம் மேடம்! எனக்குச் சின்னப் பிள்ளைங்க இருக்கு.”

“நான் மதிலைக் கேட்டேன். அவ பார்த்தது முகத்தை. மதிலை ஏறெடுத்தும் பாக்காம இல்லைன்னு சொல்றா. அவளுக்கு அந்தப் பொண்ணைத் தெரியும். எந்தப் பக்கம் போக வேண்டாம்னாளோ, அந்தப் பக்கம்தான் நமக்கு வழி.”

பாதை செங்குத்தாக ஏறியது. மேலே போகப் போக மரங்களின் மேல் படர்ந்திருந்தவை பெரிதாகிக்கொண்டே வந்தன. பட்டையே தெரியாதபடி சாம்பல் நிறத்தில் செதில் செதிலாக மூடியிருந்தன. கிளைகளிலிருந்து நரைத்த இழைகள் தொங்கின. காற்று இல்லாமலே அவை அசைவது போல இருந்தது. இசக்கிகூடப் பேச்சை நிறுத்திவிட்டான். பேசாத இசக்கியுடன் நடப்பது சூடாமணிக்கு இன்னும் கலக்கமாக இருந்தது.

மேட்டின் உச்சியில் ஒரு கார் ரோடு வந்து முடிந்தது. அதன் எதிரே கைவிடப்பட்ட எஸ்டேட் டிஸ்பென்சரி. ஓட்டுக் கூரையில் பாதி இடிந்திருந்தது. மீதிப் பாதியில் ஒரு அறை மட்டும் பத்திரமாக இருந்தது. கட்டிடத்தைச் சுற்றிக் கருங்கல் மதில்.

சூடாமணி மதிலின் அருகே போனாள். தட்டு அளவில் வளையம் இருந்தது. மஞ்சளாக மூன்று புள்ளிகள் இருந்தன. விரிசலும் இருந்தது.

“ஆ! மாட்டிக்கிட்டு!” என்று இசக்கி துள்ளினான்.

“இல்லை,” என்றாள் அவள். “சரியாப் பாரு. படத்துல வளையம் இடது பக்கம், புள்ளி வலது பக்கம். இங்க மாறி இருக்கு. விரிசலும் எதிர்ப்பக்கம் சரியறது.”

“அப்ப இது அந்த மதிலுக்குக் கொழுந்தியாவா இருக்கும்.”

சூடாமணி சிரிக்கவில்லை. ரெண்டு மதிலில் ஒன்றுபோல வராது என்று அவளே சொல்லியிருந்தாள். தூறலில் நனைந்து தாள் விரலோடு ஒட்டிக்கொண்டது. அதை உதறிக் காயவைக்க வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். அவள் பார்த்தது தாளின் முதுகுப் பக்கம். ஈரத்தாளில் மை ஊறி, படம் பின்னால் தெரிந்தது. இடது வலமாகி, வலது இடமாகி, படத்திலிருந்த மதில் எதிரே இருந்த மதிலோடு அச்சாகப் பொருந்தியது.



“இசக்கி, நீ உன்னையே போன்ல படம் எடுத்தா எப்படி வரும்?”

“செல்பியா? கண்ணாடியில பாக்கிற மாதிரி வரும். நம்ம சட்டையில எழுதியிருக்கிறது இடம் வலம் மாறி... மேடம்!”

“ஆமாம். இதை யாரும் எடுக்கலை. அவளே எடுத்துண்டிருக்கா. பாரு, இந்தத் தோள் தூக்கியிருக்கு. போனைப் பிடிச்ச கை இங்க இருந்திருக்கணும். அதை யாரோ வெட்டிட்டா. கடத்திண்டு போன பொண்ணு நிதானமா நின்னு செல்பி எடுப்பாளோ?”

இசக்கி தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினான். சட்டென்று அவன் முகம் மாறியது.

“மூக்குத்தி,” என்றான். “படத்துல இடது மூக்கு. அப்படின்னா நெசத்துல வலது. எங்க பக்கத்துல பொம்பளைப் பிள்ளைக்கு வலது மூக்குதான் குத்துவாங்க. என் அம்மைக்கு, அக்காளுக்கு, எல்லாத்துக்கும் அதான். ஆனா அண்ணன் குறிப்புல இடதுன்னு எழுதிக் கொடுத்திருக்காரே?”

“பதினோரு வருஷம் கூட வாழ்ந்தவருக்குப் பெண்டாட்டி மூக்குத்தி எந்தப் பக்கம்னு தெரியாதா? தெரியும். படத்தோட ஒத்துப்போகணுமேன்னு மாத்தி எழுதியிருக்கார். இது செல்பின்னு நமக்குத் தெரியக்கூடாது.” சூடாமணி தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். “அவளை யாரும் கடத்தலை, இசக்கி. அவ ஒளிஞ்சிருக்கா. அவர்கிட்டேருந்து.”

“அய்யோ,” என்றான் இசக்கி. போனை எடுத்துப் பார்த்தான். “மேடம், அண்ணன் காலையிலயே கேட்டாரு. பாதுகாப்புக்குன்னு சொன்னாரு. நாம இருக்கிற எடம் எல்லாம் லைவா அவருக்குப் போய்க்கிட்டே இருக்கு.”

அப்போது டிஸ்பென்சரி அறையின் கதவு திறந்தது.

வெளியே வந்தவள் படத்தில் இருந்ததைவிட இளைத்திருந்தாள். மூக்குத்தி வலது மூக்கில் இருந்தது. நீங்கள் யார் என்று அவள் கேட்கவில்லை.

“அவரு எங்க?” என்று கேட்டாள்.

சூடாமணி கையிலிருந்த தாளைத் தாழ்த்தினாள்.

“நீங்க மூணாவது ஆளு,” என்றாள் ஸ்ரீலட்சுமி. குரலில் கோபம் இல்லை. அதுதான் சூடாமணியைக் குத்தியது. “மொதல்ல குலசேகரம். பொறவு நெடுமங்காடு. ரெண்டு தடவையும் ஒங்களப் போல நல்ல மனுசங்கதான் தேடி வந்தாங்க. பயப்படாதீங்கம்மா, வீட்டுக்குப் போலாம்னு சொன்னாங்க.” இடது கைச் சட்டையை மேலே இழுத்தாள். முழங்கை கோணலாகக் கூடியிருந்தது. “இது குலசேகரத்துக்குப் போனதுக்கு. மூணாவது தடவை ஓடினா கிணறுன்னு சொல்லியிருக்காரு. அவரு சொன்ன சொல்லை மாத்தமாட்டாரு.”

“போலீஸ்ல சொல்லலியா தாயீ?” என்றான் இசக்கி.

“சொன்னேன். அவரு வந்து மெதுவாப் பேசினாரு. எல்லாரும் என்னைத்தான் ஒரு மாதிரிப் பாத்தாங்க. அம்மை அழுதுகிட்டே கெடக்கான்னு கேட்டு, ஒரே ஒரு படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். அது அவரு கையில போயிட்டு.”

கீழே, ரோட்டின் வளைவில், ஒரு கார் கியர் மாற்றும் சத்தம் கேட்டது.

சூடாமணி அதிகம் யோசிக்கவில்லை. “இசக்கி, போனை அணை. இவளைக் கூட்டிண்டு ஒற்றையடிப் பாதையில இறங்கு. நேரா வித்துரா ஸ்டேஷன். கையோட யாரையாவது கூட்டிண்டு வா, சைரன் கூடாது.”

“நீங்க?”

“நான் மதில் பாத்துண்டிருக்கேன்.”

அவர்கள் செடிகளுக்குள் மறையவும் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. ஜெயகுமார் இறங்கினார். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. மலைப்பாதையில் வந்த காருக்குள் இருந்துகூட அந்த மனிதர் கசங்கவில்லை.

“லொகேஷன் நின்னு போச்சே மேடம்?”

“சிக்னல் இல்லை. வாங்கோ, நல்ல சமயத்துல வந்தேள். அலுத்துப் போயிட்டேன். இதைப் பாருங்கோ.” தாளை அவர் கையில் கொடுத்து மதிலைக் காட்டினாள். “இதுதான்னு நெனச்சேன். இல்லை. படத்துல வளையம் இந்தப் பக்கம், இங்க அந்தப் பக்கம். விரிசலும் மாறியிருக்கு. இசக்கியை அடுத்த எஸ்டேட் பாக்க அனுப்பியிருக்கேன்.”

தன்னை ஏமாற்றிய அதே மதில் அவரையும் கொஞ்ச நேரம் ஏமாற்றட்டும் என்று வேண்டிக்கொண்டாள். ஜெயகுமார் தாளைப் பார்த்தார். மதிலைப் பார்த்தார். விரலால் அந்த வளையத்தின் விளிம்பை மெதுவாகத் தடவினார்.

“இது இல்ல, இல்லியா?”

“இல்லை.”

“சரி மேடம். நான் கார்ல இருக்கேன்.”

தாளையும் கையோடு கொண்டுபோனார். சூடாமணி மூச்சை விட்டாள். ஐந்து நிமிஷம் ஆனது. ஏழு நிமிஷம் ஆனது. கார் கிளம்பவில்லை. டிஸ்பென்சரி அறையின் கதவை அவள் அப்போதுதான் சரியாகக் கவனித்தாள். பழைய தேக்குக் கதவு. ஜன்னலுக்கு இரும்புக் கம்பி. கதவின் வெளிப்பக்கம் கனமான கொண்டி.

கார்க் கதவு மறுபடி திறந்தது. ஜெயகுமார் இறங்கி வந்தார். இந்தத் தடவை அவர் மதிலைப் பார்க்கவில்லை. சூடாமணியையும் பார்க்கவில்லை. செருப்பு மட்டும் ஈர மண்ணில் ஒரே சீராக ஒலிக்க, அறையை நோக்கி நடந்தார். வாசல்படியில் கிடந்த பெண்பிள்ளைச் செருப்பைக் காலால் ஓரமாக ஒதுக்கினார்.

“லட்சுமி,” என்று அன்பாகக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனார்.

சூடாமணி ஓடினாள். ஐம்பத்திரண்டு வயதில் அப்படி ஓடமுடியும் என்று அவளே நினைத்திருக்கமாட்டாள். கதவை இழுத்து அறைந்து கொண்டியை மாட்டினாள். துருப்பிடித்த இரும்பு உள்ளங்கையைக் கிழித்தது. கதவோடு முதுகைச் சாய்த்து நின்றாள். பயமாக இருந்தது, நிஜமாகவே பயமாக இருந்தது.

உள்ளே இருந்து கதவு ஒருமுறை குலுங்கியது. அவ்வளவுதான். பிறகு குரல் வந்தது. சத்தம் போடவில்லை. கடையில் வாடிக்கையாளரிடம் பேசும் அதே குரல்.

“கார் கண்ணாடியில தாளைக் காட்டிப் பாத்தேன் மேடம். ஒங்க அளவுக்கு இல்லாட்டாலும் எனக்கும் கொஞ்சம் புத்தி உண்டு. கதவைத் திறங்க.”

அவள் முதுகை இன்னும் அழுத்தி நின்றாள்.

“எத்தனை நேரம் நிப்பீங்க? பொம்பளை நீங்க. கால் வலிக்கும்.”

நேரம் போனது. தூறல் மழையானது. அவர் பேசிக்கொண்டே இருந்தார். ஸ்ரீலட்சுமி அடுப்படியில் எதை எங்கே வைப்பாள், பயந்தால் எந்த மூலையில் போய் உட்காருவாள் என்றெல்லாம், பெண்டாட்டியின் அருமை பெருமை சொல்வது போலச் சொன்னார். சூடாமணி காதைப் பொத்திக்கொள்ள நினைத்தாள். பொத்தினால் கொண்டி நழுவிவிடுமோ என்று கையை எடுக்கவில்லை. இந்த மனிதருக்காகவா மதில் மதிலாகக் குனிந்து பார்த்தேன் என்று அவமானமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் கண்டுபிடித்ததற்காக அவள் வெட்கப்பட்டது இதுதான் முதல் தடவை.

முக்கால் மணி நேரம் கழித்து ஒற்றையடிப் பாதையில் செடிகள் விலகின. இசக்கி வந்தான். அவன் பின்னால் மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் எஸ்.ஐ. சட்டையில் ஆதிரா என்று பெயர் இருந்தது. கூட இரண்டு போலீஸ்காரர்கள். அவர்களுக்கும் பின்னால், ஸ்டேஷனிலேயே இருக்கச் சொல்லியும் கேட்காமல், ஸ்ரீலட்சுமி.

சூடாமணி உதட்டில் விரலை வைத்தாள். எல்லோரும் சத்தமில்லாமல் கதவருகே வந்தார்கள்.

“ஒண்ணு சொல்லுதேன் மேடம்,” என்றது உள்ளே இருந்த குரல். “கிணத்து மூடியைக் கழட்டி வச்சிட்டுதான் வீட்டை விட்டுக் கிளம்பினேன். அவ காலு வழுக்கி விழுந்திட்டான்னு சொன்னா ஊரு நம்பும். நான் சொன்னா எல்லாரும் நம்புவாங்க. நீங்களும் நம்பினீங்கல்லா?”

எஸ்.ஐ. ஆதிராவின் முகம் கல்லானது. “மதி, போதும்,” என்றாள் தாழ்ந்த குரலில். “இத்ரயும் கேட்டா மதி.” கொண்டியின் மேல் கை வைத்தாள்.

“நில்லுங்க,” என்றாள் ஸ்ரீலட்சுமி.

அவள் முன்னால் வந்தாள். கோணல் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு மிக அருகில் போய் நின்றாள்.

“மேடம்?” என்றது குரல். “யாரு அங்க? அவ எங்க மேடம்?”

“இங்கதான் நிக்கேன்,” என்றாள் ஸ்ரீலட்சுமி. “வெளிய.”

காலையிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்த மெல்லிய குரல் அடங்கிப்போனது. “திறந்திடுங்க மேடம்,” என்று ஸ்ரீலட்சுமியே எஸ்.ஐ.யைப் பார்த்துச் சொன்னாள்.